நான்கு கைகளுக்குள் ஒரு மைக்

என் வீட்டுக்காரர் குரலால் பிழைத்தவர். லிந்துலையிலும் தலவாக்கலையிலும் அவற்றைச் சுற்றியுள்ள மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு திருவிழா, ஒரு கல்யாணம், ஒரு கால்பந்துப் போட்டி என்றால் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். கட்டிவிட்டுச் சும்மா உட்காரமாட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது என்பதிலிருந்து சாப்பாட்டு வரிசை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பது வரை எல்லாவற்றையும் அவரே அறிவிப்பார். எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள்கூட நிமிர்ந்து கேட்கிற குரல். எங்கள் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக எழுந்துபோய், பந்தி தொடங்கிவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று மாப்பிள்ளையே மைக்கில் சொன்னார். என் தம்பிமார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் குரல் கழுத்தில் வந்த ஒரு கட்டியோடு போனது. கட்டியை எடுத்தே ஆகவேண்டும், எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். உயிர் இருந்தால் போதும் என்று நாங்களும் தலையாட்டினோம். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியால் இனி ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து அவர் வாய் திறந்தபோது காற்று மட்டும்தான் வந்தது. சொற்கள் இருந்தன, சத்தம் இல்லை. மாதக்கணக்காகத் தொண்டைப் பயிற்சி செய்து பார்த்தார். காற்று காற்றாகவே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் குசுகுசுவென்று பேசுவதால், அவரோடு பேச வருகிறவர்களும் தங்களை அறியாமலே குசுகுசுக்கத் தொடங்கினார்கள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பங்குத்தந்தை என்று எல்லோரும் அப்படித்தான்.

"ஃபாதர், அவருக்குத் தொண்டைதான் போச்சு. காது நல்லாக் கேக்குதுங்க" என்று நான் சொன்னேன்.

"ஆமா, ஆமா" என்று அதையும் ஃபாதர் ரகசியமாகவே சொன்னார்.

நானும் மகளும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். அவரும் எங்களோடு சிரிப்பார். ஆனால் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். ஸ்பீக்கர் பெட்டிகளையும் அம்ப்ளிஃபயரையும் அவரோடு வேலை செய்தவர் எடுத்துக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு மைக்.

அதை மைக் என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். பழைய சைக்கிளின் முன்விளக்கைப் போன்ற ஒரு குண்டு. முன்பக்கம் கம்பி வலை, பின்பக்கம் கூம்பிப்போன இரும்பு உடம்பு, பாதி உரிந்த பச்சைப் பெயின்ட். தோட்டத்து உத்தியோகத்தர்களின் பழைய கிளப் மண்டபத்தை இடிக்கப்போகிறபோது கழித்துப் போட்ட சாமான்களுக்குள் இதைப் பார்த்து, கேட்டு வாங்கி வந்தார். அறிவிப்புக்கு அதை அவர் ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. அதில் பேசினால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருக்குமாம். ஆனாலும் அதன்மேல் அவருக்கு ஒரு பிரியம். எங்கள் ஊர் ஈரத்தில் உள்ளே பூத்துப்போகும் என்று ஒரு பிஸ்கட் டின்னில் அரிசி கட்டிய துணிப்பொட்டலத்தோடு வைத்து, அலுமாரிக்கு மேலே பத்திரப்படுத்தியிருந்தார்.

என்னிடம் இருந்தது ஒரு மவுத் ஓர்கன். நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். சங்கீதம் முறையாகக் கற்றதில்லை. சிறுமியாக இருந்தபோது என் அண்ணன் ஒரு கார்னிவலில் வென்று வந்து, இரண்டு நாளில் அலுத்துப்போட்ட மவுத் ஓர்கனை எடுத்து ஊதத் தொடங்கியவள்தான். ஞானப்பாடல்கள், ரேடியோவில் கேட்ட மெட்டுகள், எதுவானாலும் கொஞ்ச நேரம் தடவித் தேடினால் வந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகும், சோறு கொதிக்கும்வரை குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு வாசிப்பது என் வழக்கம். அவருடைய ஒப்பரேஷனுக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன். குரல் போனவர் இருக்கிற வீட்டில் மூச்சால் சத்தம் எழுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். அவருக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது அக்காவுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்திருந்ததால் அவர்களோடு கப்பலேறிப் போய்விட்டார். இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். அங்கேயும் தேயிலை மலைதான். நடுவில் ஒரே ஒரு தடவை நாங்கள் போய்ப் பார்த்து வந்தோம். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. அங்கே மழையா, இங்கே மழையா, இன்றைக்கு என்ன கறி. அவ்வளவுதான். ஆனால் அது முடியாமல் அவர் சாப்பாட்டில் உட்காரமாட்டார்.

அந்தப் பேச்சும் நின்றது. அக்காவுக்கு வயதாகிக் காது மந்தமாகிவிட்டது. நல்ல குரலில் பேசினாலே இரண்டு தடவை சொல்லவேண்டும். இவருடைய காற்று அவருக்கு எப்படிக் கேட்கும்?

"ஹலோ, ஹலோ... யாரு? தம்பி லைன்ல இருக்கானா, இல்லையா?" என்று அந்தப் பக்கம் அக்கா கத்திக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் இவர் ஃபோனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு முடிந்த மட்டும் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்தது. கடைசியில் அக்கா லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூடலூரிலிருந்து ஃபோன் வந்தால் என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்.

நான் அக்காவிடம் உரத்த குரலில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வைக்கப்போகிற நேரத்தில், "அவனுக்கு எம்மேல எதுவும் கோவமா, தாயி?" என்பார். அதை அவரிடம் சொன்ன அன்று, வெளியே போய் லீக்ஸ் பாத்தியில் வெகு நேரம் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். களை அவ்வளவாக இல்லாத பாத்தி.

பாடசாலை விடுமுறை தொடங்கிய ஒரு காலையில் நான் மேசையில் காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்.

"இதுல வாசி" என்றார்.

"எதுல?"

ஃபோனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். எந்த நாட்டுக்காரரோ தெரியவில்லை, ஒரு மனிதர் மவுத் ஓர்கனையும் இதே மாதிரி ஒரு குண்டு மைக்கையும் சேர்த்து இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டு வாசித்தார். எனக்குத் தெரிந்த மவுத் ஓர்கன் சத்தமே இல்லை அது. தடித்து, கரகரத்து, நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு ஆள் பாடுவதுபோல வந்தது.

"வெறும் மவுத் ஓர்கன் கீச்சுன்னு இருக்கும்" என்றார். நீளமாகப் பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "காது மந்தமானவங்களுக்குக் கீச்சுச் சத்தம்தான் மொதல்ல கேக்காமப் போகும். இது தடியா வருது. அக்காவுக்குக் கேக்கும்."

அப்போதுதான் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்தது. "என்ன வாசிக்கணும்?" என்றேன்.

"அக்கா பாடுற பாட்டு ஒண்ணு. எனக்குத் தெரியும்."

மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். அவள் படிக்கிறபோது பயன்படுத்திய பழைய கம்பியூட்டர் வீட்டில் இருந்தது. ஒலிப்பதிவு செய்ய இலவசமாக ஒன்று கிடைக்கிறது, அதைப் போட்டுத் தருகிறேன் என்று அங்கிருந்தபடியே ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யவைத்தாள். என்னுடைய மவுத் ஓர்கன் இரட்டை வரிசைத் துளைகள் உள்ள நீளமான வகை. அதையும் மைக்கையும் ஒரே பிடிக்குள் அடக்கமுடியாது. பத்துத் துளை மட்டும் உள்ள சின்னது ஒன்றை வாங்கி பஸ்ஸில் வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். அது கைக்குள் அடங்கியது. ஆனால் கீழ்ப் பக்கத்தில் இரண்டு சுரங்கள் அதில் கிடையாது. காற்றை இழுத்து வளைத்தால் வருமாம். எனக்கு வளையவில்லை. அதனால் மேல்பாதியில்தான் வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மைக்கின் வயரைக் கம்பியூட்டரில் செருக வழியில்லை. அதன் முனை திருகி மாட்டுகிற பழைய காலத்துத் தடித்த முனை. அவருடைய அம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்த்துத் தருகிற, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் கடை தலவாக்கலையில் இருக்கிறது. அங்கே போவோம் என்று நான் சொன்னபோது தயங்கினார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

நானா அவரைக் கண்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். நானாவும் உடனே குசுகுசுக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு பேரும் மேசைக்கு மேல் தலையைச் சாய்த்து ரகசியம் பேசுவதைப் பார்த்து, ரேடியோ வாங்க வந்திருந்த ஒருவர் என்னிடம் மெல்லக் குனிந்து, "உள்ள யாரும் தூங்குறாங்களா?" என்று கேட்டார்.

நானா மைக்கைத் திறந்து உள்ளே பார்த்தார். அதற்குள் கற்கண்டுத் துண்டு மாதிரி ஒரு சின்னப் படிகம் இருக்கிறது, அதுதான் சத்தத்தைப் பிடிக்கிறது, ஈரம் பட்டால் கரைந்துபோகும் என்றார். "இந்தக் குளிர்ல இது இன்னும் உசிரோட இருக்கே, அல்லாஹ்தான் காப்பாத்தி வச்சிருக்கான்" என்று வலையைத் துடைத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்த வயரும் செய்து தந்தார். ஒரு முனை மைக்குக்கு, மறு முனை கம்பியூட்டருக்கு.

முதல் நாள் ஓர் இரைச்சல்தான் வந்தது. கம்பியூட்டரில் சத்தத்தைக் கூட்டினால் தேனீக் கூட்டைக் கிளறிவிட்டதுபோல ஒரு உறுமல். நான் மைக்கின் இரும்பு உடம்பைத் தொட்டதும் உறுமல் அடங்கியது. கையை எடுத்ததும் மறுபடி வந்தது. அவர் சிரித்துவிட்டு, கம்பியூட்டரைச் சுவரிலிருந்து கழற்றி பட்டரியில் மட்டும் ஓடவிட்டார். இரைச்சல் போய்விட்டது. எத்தனையோ மேடைகளில் அந்த உறுமலோடு மல்லுக்கட்டியவர். அன்றைக்கு அவர் முகத்தில் பழைய சுறுசுறுப்பைக் கண்டேன்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசித்தால், நான் ஊதிய சத்தம் ஒரு நொடி பிந்தி என் காதுக்கு வருகிறது. நடக்கும்போது யாரோ பின்னாலிருந்து சேலையை மிதிப்பதுபோலத் தடுமாறினேன். ஆகவே வாசிக்கும்போது யாரும் ஹெட்போன் போடுவதில்லை, பதிந்துவிட்டுப் பிறகு கேட்பது என்று முடிவு செய்தோம். எங்கள் வீடு தகரக் கூரை. மழை தொடங்கிவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது. அதனால் காலையில், மழைக்கு முன்னால், ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம்.

அடுத்த சிக்கல் என் கை. மைக்கையும் மவுத் ஓர்கனையும் சேர்த்துக் காற்றுப் போகாமல் பொத்தினால்தான் அந்தத் தடித்த சத்தம் வரும். விரல் இடுக்கில் கொஞ்சம் காற்றுக் கசிந்தாலும் சத்தம் மெலிந்துவிடும். என் கைகள் சின்னவை. மைக் கனம் வேறு. எப்படிப் பிடித்தாலும் ஒரு பக்கம் திறந்துகொண்டது. நான் முயன்று முயன்று அலுத்துப்போய், "இது ஆம்பளைங்க கைக்குச் செஞ்சது" என்று மேசையில் வைத்தேன்.

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு பக்கமும் கையை நீட்டி, என் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்துப் பொத்தினார். ஸ்பீக்கர் பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள். ஓர் இடுக்கும் இல்லாமல் மூடிக்கொண்டன. அவருடைய தாடை என் தோளுக்கு மேல் வந்து நின்றது.

"இப்ப ஊது."

ஊதினேன். பதிந்ததைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னுடைய கீச்சு மவுத் ஓர்கன், நடுவயது மனிதர் ஒருவர் அடித்தொண்டையில் பாடுவதைப்போல வந்தது.

இனிப் பாட்டு. அங்கேதான் நாங்கள் எதிர்பாராத தடை. பாட்டு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அக்கா கொழுந்துக்குப் போய்த் திரும்பி வந்து, அவரை மடியில் போட்டுக்கொண்டு பாடியது. எங்கேயும் பதிவாகாத பாட்டு. பாடிக் காட்டுங்கள் என்றேன். பாடினார். காற்றில் சொல் வந்தது, தாளம் வந்தது, மெட்டு வரவில்லை. வெறும் மூச்சுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது என்பது அன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் இன்னொரு தடவை பாடிப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா ஒரு சுரத்தை ஊதினேன். "இதுல தொடங்குதா?" என்றேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. இன்னொன்று ஊதினேன். இல்லை. அடுத்தது. கையைச் சற்று மேலே தூக்கிக் காட்டினார். மேலே போனேன். கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்று தலையசைத்தார்.

அப்படித்தான் அந்தப் பாட்டைக் கட்டினோம். அவர் கையால் ஏற்றமும் இறக்கமும் காட்டுவார், விரலால் மேசையில் தாளம் தட்டுவார், நான் ஒவ்வொரு சுரமாக ஊதிப் பார்ப்பேன். சரியானது வந்தால் தலையசைப்பு, தவறானால் முகச்சுளிப்பு. ஓர் அடிக்கு ஒரு காலை முழுக்கப் போனது. அடுத்த அடிக்கு இரண்டு காலை. சோறு தீய்ந்த நாளும் உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவர் முகத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டேன். புருவம் கொஞ்சம் ஏறினால் என்ன, உதடு கொஞ்சம் இறுகினால் என்ன என்று எல்லாம் பழகிவிட்டது.

முழுப் பாட்டும் கைக்கு வந்த காலையில் மேகம் தாழ்ந்து நின்றது. மழை வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று அவசரமாக உட்கார்ந்தோம். அவர் பின்னால் நின்று கைகளைப் பொத்தினார். நான் பதிவை அழுத்திவிட்டு வாசித்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. கடைசிச் சுரத்தை விட்டதும் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

ஹெட்போனை நான்தான் முதலில் போட்டுக் கேட்டேன். முதல் அடி முடிந்து நான் மூச்சு எடுக்கிற இடைவெளியில் வேறு ஏதோ கேட்டது. மழையா என்று நினைத்தேன். மழை அப்போது தொடங்கவில்லை. இரண்டாம் அடி முடிந்ததும் மறுபடி. சத்தத்தைக் கூட்டினேன். அவர். என் தோளுக்கு மேலே, மைக்குக்கு வெகு பக்கத்தில், நான் வாசிக்க வாசிக்கப் பாட்டின் சொற்களைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். நான் வாசிக்கும்போது அது அமுங்கிப்போகிறது. நான் மூச்சு எடுக்கிற இடங்களில் மட்டும் அடியின் கடைசிச் சொல் தெளிவாக வந்து நிற்கிறது. என் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் வாசிக்கிற கவனத்தில் எனக்கு அது கேட்கவே இல்லை.

ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கேட்டார். முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பின்னாலேயே போனேன். "அழிச்சிரவா? திரும்பப் பதிஞ்சுக்குவோம்."

இல்லை என்று தலையாட்டினார். பிறகு, "அழிக்காத" என்றார். "பாடுனேன்னு எனக்கே தெரியாது."

உள்ளே வந்து திரும்பவும் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து மைக்கைக் கையில் எடுத்தார். உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பதிவை அழுத்தச் சொல்லிக் கண் காட்டினார். அழுத்தினேன்.

"அக்கா, நான்தான். எனக்குக் கோவமெல்லாம் இல்ல. தொண்டைதான் போச்சு. இது நம்ம வீட்ல வாசிச்சது. கேளுங்க."

அவ்வளவுதான். கம்பியூட்டரில் சத்தத்தை எவ்வளவு கூட்டமுடியுமோ அவ்வளவு கூட்டினோம். பழைய மைக்கில் அந்த மூச்சு, ஃபோனில் வருவதுபோலச் சிதறாமல், ஒரு கனத்தோடு வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. பேச்சை முன்னாலும் பாட்டைப் பின்னாலும் ஒட்டி, கூடலூரில் அக்காவின் பேரனுடைய ஃபோனுக்கு அனுப்பினேன். பாட்டிக்கு ஹெட்போன் போட்டுக் கேட்கவையுங்கள் என்று ஒரு வரியும் எழுதினேன்.

பதில் அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. என் ஃபோன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றியே அவருக்கு ஏதாவது வேலை இருந்தது. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குரல் பதிவாக வந்தது. எச்சில் கையோடு இடது கையால் அழுத்தினார்.

முதலில் அழுகைதான். அக்காவின் அழுகை நன்றாக உரத்த அழுகை. பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம். பிறகு அந்தக் குரல்:

"தம்பி... ஏன்டா இப்படிக் காத்து மாதிரிப் பேசுற? எல்லாம் கேட்டுச்சுடா. ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. தாயி நல்லா வாசிக்குது. ஆனா மூணாவது அடி அப்படி மேல ஏறாது. கீழ எறங்கும். நீ சின்னப்புள்ளையா இருந்தப்பவே அத இப்படித் தப்பாத்தான் பாடுவ. எத்தன வாட்டி சொல்லிக் குடுத்தேன்! இந்தா கேளு."

என்று, நடுங்குகிற குரலில், அக்கா அந்த அடியைப் பாடினார். உண்மையாகவே கீழே இறங்கியது. அது எவ்வளவு அழகாக இறங்கியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மூன்றாம் அடியைத் திருத்தி மறுபடி பதிந்து அனுப்பினோம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வேறு விதத்தில் திரும்பி வந்தது. பூசை முடிந்து வந்ததும் அவர் கம்பியூட்டரைத் திறப்பார். மழையா, என்ன கறி, பேரனுக்குச் சுகமா. பதிந்து அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அக்காவின் பதில் வரும். சில ஞாயிறு அக்கா ஒரு பாட்டு வேண்டும் என்பார். அப்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஆனி, ஆடி மாதத்து விடாத மழையில் மைக் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து, ஒரு காலையில் ஒன்றுமே இல்லாமல் போனது. நானா சொன்ன அந்தப் படிகம் கரைந்துவிட்டிருந்தது. அரிசிப் பொட்டலம் எவ்வளவுதான் காப்பாற்றும்? இந்த முறை அவர் தனியாகவே பஸ்ஸேறித் தலவாக்கலைக்குப் போனார். நானா உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, புதுச் சாமான் ஒன்றை வைத்துக் கொடுத்தார். உடம்பு அதே பச்சைக் குண்டு, உள்ளே வேறு. போட்டுக் கேட்டோம். சத்தம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரகரப்பு, அந்தத் தடிப்பு போய்விட்டது. மவுத் ஓர்கன் மறுபடி மவுத் ஓர்கன் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தோம். வேறு வழியில்லாமல் அதிலேயே பதிந்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினோம்.

அக்காவின் பதில் அன்றைக்கே வந்தது. "இப்பத்தான்டா தெளிவா இருக்கு. மொதல்ல என்னமோ கெணத்துக்குள்ள விழுந்தவன் கூப்புடுற மாதிரி இருந்துச்சு. நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

இந்த வருஷக் கடைசியில் நான் ஓய்வுபெறுகிறேன். அதற்குப் பிறகு கூடலூர் போவதாக இருக்கிறோம். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க ஹட்டனுக்குப் போன அன்று, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் காதருகே குனிந்து கேட்டார்.

"மைக்கக் கொண்டு போவமா? பிளேன்ல விடுவாங்களா?"

"எதுக்குங்க மைக்கு? அக்கா பக்கத்துல உக்காந்து காதோட பேசுனாப் போதாதா?" என்றேன்.

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார். வளைந்து வளைந்து போகிற பாதை, வெளியே பனி மூடியிருந்தது.

"நான் பேசிக்குவேன்" என்றார். "நீ வாசிக்கிறது அக்காவுக்குக் கேக்க வேணாமா?"

முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் வீட்டுக்காரரிடம், மிகவும் மெல்லிய குரலில், ஏதோ கேட்டார்.